இந்த வயதில் மாரடைப்பா?

இருங்காட்டுக்கோட்டையில் இரவுப் பணியை முடித்துவிட்டு, நிறுவனப் பேருந்தில் வந்து செம்பரம்பாக்கம் நிறுத்தத்தில் இறங்கும் 38 வயதுத் தொழிலாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையிலிருந்தே நெஞ்சின் நடுவில் ஓர் எரிச்சல். இடத்தோளில் ஒரு கனம். ‘கேஸ் பிடித்திருக்கிறது, ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்’ என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு வீட்டுக்குச் சென்று படுத்துவிடுகிறார்.

அதே காலையில், அதே ஊரின் இன்னொரு தெருவில், 78 வயது அம்மையார் ஒருவர் வழக்கத்துக்கு மாறாகப் படுக்கையை விட்டு எழவில்லை. காப்பியைத் தொடவில்லை. நெற்றி வியர்த்திருக்கிறது. குளியலறைக்கு நடப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. ‘எங்கேயம்மா வலிக்கிறது?’ என்று மகள் கேட்டால், ‘வலியெல்லாம் ஒன்றுமில்லை, அசதியாக இருக்கிறது’ என்கிறார். வயதாகிவிட்டது, வெயில் தாங்கவில்லை, சர்க்கரை குறைந்திருக்கும் என்று வீட்டார் ஆளுக்கொரு காரணம் சொல்கின்றனர்.

இவ்விருவரும் நாம் கற்பனை செய்துகொண்டவர்களே. ஆயினும் இருவருக்கும் நிகழ்வது மாரடைப்பாக இருக்கலாம். முன்னவர் ‘இந்த வயதில் எனக்கா?’ என்று தள்ளிப் போடுகிறார். பின்னவரின் வீட்டார் ‘இந்த வயதில் இது இயல்புதானே’ என்று தள்ளிப் போடுகின்றனர். இரண்டு பேச்சிலும் வயதே காரணமாகச் சொல்லப்படுகிறது; இரண்டிலும் இழக்கப்படுவது நேரம். இளையோர்க்கும் முதியோர்க்கும் மாரடைப்பு எவ்வெவ்வாறு வேறுபடுகிறது என்பதை நோயாளிகளும் உடனிருப்போரும் அறிந்திருந்தால், அந்த நேரத்தை மீட்க இயலும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

மாரடைப்பு என்பது யாது?

இதயம் உடல் முழுமைக்கும் இரத்தத்தை அனுப்புகிறது. அதன் தசைக்கு வேண்டிய இரத்தத்தைக் கொண்டுவருபவை கரோனரித் தமனிகள் எனப்படும் மெல்லிய குழாய்கள். இவற்றின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அப்படிவின் மேற்புறம் கிழிகிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. கட்டி குழாயை அடைக்கிறது. அடைப்புக்கு அப்பாலுள்ள தசைக்கு உயிர்வளி கிட்டாமற்போகிறது. ஏறத்தாழ 20 நிமிடங்களில் தசை மடியத் தொடங்குகிறது. அடைப்பு நீங்காவிடில், ஆறு மணி நேரத்திற்குள் பாதிக்கப்பட்ட பகுதியின் பெரும்பங்கு மடிந்துவிடுகிறது. மடிந்த இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை. ஆகவேதான் இதய மருத்துவர்கள் நிமிடங்களைக் கணக்கிடுகின்றனர்.

நம் நாட்டில் இந்நோய் முந்திக்கொண்டு வருகிறது. 52 நாடுகளில் நடத்தப்பட்ட ‘இன்டர்ஹார்ட்’ என்னும் ஆய்வின் தரவுகளிலிருந்து 2007-ஆம் ஆண்டு வெளியான கட்டுரையொன்று, தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதையும், பிற நாட்டினர்க்கு அது ஏறத்தாழ 59 வயதில் வருவதையும் காட்டியது. ஆறு ஆண்டுகள் முன்னதாக! இன்னும் பணியில் இருக்கும் வயது. பிள்ளைகளின் படிப்பு முடியாத வயது. இளையோர்க்கு மாரடைப்பு வாராது என்னும் எண்ணத்தை முதலில் கைவிட வேண்டியவர்கள் நாமே.

இளையோரிடம் இது எவ்வாறு வருகிறது?

இளையோரின் குழாய்களில் பெரும்பாலும் பல இடங்களில் அடைப்பு இருப்பதில்லை. ஓரிடத்தில், சில வேளைகளில் குழாயின் பாதியைக்கூட மறைக்காத சிறிய படிவு திடீரெனக் கிழிந்து, அதன்மேல் கட்டி உருவாகிறது. முந்திய நாள் வரையில் படியேறினாலும் ஓடினாலும் அவர்க்கு எவ்வித இடர்ப்பாடும் தோன்றாது. சென்ற மாதம் எடுத்த டிரெட்மில் சோதனை சரியாக இருந்தது என்பதும் முழுமையான காப்பு ஆகாது. இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய அடைப்பையே அச்சோதனை காட்டவல்லது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நெடுநாளாக மெல்ல மெல்லச் சுருங்கிய குழாயைச் சுற்றி, உடல் தானாகவே சிறிய மாற்றுக் குழாய்களை வளர்த்துக்கொள்வதுண்டு. முதியோர் சிலர்க்கு அத்தகைய மாற்றுவழி ஓரளவு துணைநிற்கும். திடீரென அடைபட்ட இளையவரின் இதயத்துக்கு அத்துணை பெரும்பாலும் இருப்பதில்லை. அடைப்பு ஏற்பட்ட முதல் மணி நேரத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகி, இதயம் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும் நிலை உண்டாகலாம். நலமாக இருந்த ஒருவர் திடீரெனச் சாய்ந்தார் என்று நாம் கேள்விப்படும் மரணங்களில் பலவற்றுக்குக் காரணம் இதுவே.

இளம் வயது மாரடைப்பின் பின்னணியில் அடிக்கடி காணப்படுவது புகைபிடித்தல். மெல்லும் புகையிலையும் இதயத்துக்குத் தீங்கானதே. அடுத்து, குடும்ப வரலாறு: தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்னும், தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன்னும் இதய நோய் வந்திருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும். பிறவியிலேயே கெட்ட கொழுப்பு மிகுந்திருக்கும் குடும்பங்களும் உண்டு. கண்டறியப்படாத சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், தொப்பை, உறக்கக் குறைவு ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. இளம் பெண்களில், குறிப்பாக மகப்பேற்றுக்குப் பிந்திய வாரங்களில், கொழுப்புப் படிவே இல்லாமல் குழாயின் சுவர் தானாகப் பிளந்து மாரடைப்பு உண்டாகும் அரிய நிலையும் இருக்கிறது. ‘பெண்தானே, வயதும் குறைவுதானே’ என்று நெஞ்சுவலியை ஒதுக்குதல் ஆகாது.

முதியோரிடம் இது எவ்வாறு ஒளிந்து வருகிறது?

திரைப்படங்களில் மாரடைப்பு என்றால் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். முதியோர் பலரிடம் அப்படி நிகழ்வதில்லை. அமெரிக்காவில் 4,34,877 மாரடைப்பு நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், மூவரில் ஒருவர்க்கு நெஞ்சுவலியே இல்லை எனத் தெரியவந்தது. வலியற்றோரின் சராசரி வயது 74. வலியுடன் வந்தோரின் சராசரி வயது 67. வலியற்றோர் மருத்துவமனைக்கு வந்து சேரச் சராசரியாக எட்டு மணி நேரம் ஆயிற்று. மற்றவர்க்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே மேல். மருத்துவமனையிலேயே உயிரிழந்தோர் வலியற்றோரில் நூற்றுக்கு 23 பேர். வலியுடன் வந்தோரில் நூற்றுக்கு 9 பேர். வலி இல்லாமை நோயின் எளிமையைக் குறிப்பதாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வலி ஏன் தோன்றுவதில்லை? நெடுங்காலச் சர்க்கரை நோய் இதயத்தின் வலியை உணர்த்தும் நரம்புகளை மழுங்கச் செய்கிறது. முதுமையில் இதயத் தசை விறைப்படைவதால், இரத்த ஓட்டம் சிறிது குறைந்தாலும் நுரையீரலில் நீர் தேங்கி, வலிக்கு முன்னரே மூச்சுத் திணறல் வந்துவிடுகிறது. மூட்டுவலி, நெடுநாள் இருமல் போன்ற பிற நோய்களின் நடுவே புதிய அறிகுறி கரைந்துபோகிறது. மறதி நோயுடையவரோ தமக்கு நேர்வதைச் சொல்லவே இயலாதவர்.

ஆகவே 70 வயதைக் கடந்தவர்களிடம் உடனிருப்போர் கவனிக்க வேண்டியவை:

• காரணமின்றித் திடீரென வரும் மூச்சுத் திணறல்
• குளிர்ந்த வியர்வை, முகம் வெளிறுதல்
• என்றுமில்லாத அசதி. எழுந்து அமரவும் இயலாமை
• குமட்டல், வாந்தி, மேல்வயிற்றில் அழுத்தம்
• திடீர்க் குழப்பம், பேச்சில் தடுமாற்றம்
• மயக்கம், அல்லது காரணம் தெரியாமல் கீழே விழுதல்
• தாடை, கழுத்து, முதுகு, கைகளில் புதிதாகத் தோன்றும் வலி

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம். குழப்பமும் பேச்சுத் தடுமாற்றமும் பக்கவாதத்தின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். அதுவும் நிமிடங்களை எண்ண வேண்டிய நோயே. எதுவாயினும், நேற்று இருந்த நிலைக்கும் இன்று இருக்கும் நிலைக்கும் திடீரென வேறுபாடு தோன்றினால், அதை முதுமையின் கணக்கில் எழுதாமல் ஓர் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதே முறை. அந்த வேறுபாட்டை அறியக்கூடியவர், அன்றாடம் உடனிருப்பவர் மட்டுமே.

பரிசோதனையிலும் பொறுமை வேண்டும்

இளையோரிடம் இ.சி.ஜி.யில் தெளிவாகத் தெரியும் முழு அடைப்பு வகை மிகுதி. முதியோரிடம் குழாய் பகுதியளவே அடைபடும் வகை மிகுதி. இதில் முதல் இ.சி.ஜி. இயல்பாகத் தோன்றவும் கூடும். பேஸ்மேக்கர் பொருத்தியோரிடமும், ஏற்கெனவே இதய மின்னோட்டத்தில் மாற்றமுடையோரிடமும் இ.சி.ஜி.யைப் படிப்பது கடினம். எனவே ட்ரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. சிறுநீரக நோயுடைய முதியோர்க்கு ட்ரோபோனின் எப்போதுமே சற்று உயர்ந்திருக்கலாம். ஆதலால் சில மணி நேர இடைவெளியில் மீண்டும் எடுத்து, அளவு ஏறுகிறதா எனப் பார்க்கின்றனர். ‘ஒருமுறை எடுத்த இரத்தத்தையே ஏன் மறுபடியும் எடுக்கிறீர்கள்?’ என்று உடனிருப்போர் வருந்துவதுண்டு. ஐயம் தீரும்வரை நோயாளியை வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பதற்காகவே அது செய்யப்படுகிறது.

சிகிச்சையில் வயது எங்கே குறுக்கிடுகிறது?

குழாய் முழுவதும் அடைபட்டிருந்தால், எவ்வயதினராயினும் அதை விரைந்து திறப்பதே சிகிச்சை. ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராக வந்தவர்க்கு 90 நிமிடங்களுக்குள் குழாயைத் திறப்பது இலக்கு. அவ்வசதிக்கு இரண்டு மணி நேரத்திற்குள் சென்று சேர இயலாதெனில், முதலில் கட்டியைக் கரைக்கும் ஊசியைச் செலுத்திவிட்டுப் பின்னர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர்.

இவ்வூசியில் வயது முக்கியமாகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்து மூளையில் இரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடும். முதியோரிடம் அவ்விடர் மிகுதி. 2013-இல் வெளியான ‘ஸ்ட்ரீம்’ ஆய்வின் நடுவிலேயே, 75 வயதைக் கடந்தோர்க்கு டெனக்டிபிளேஸ் மருந்தின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆகவே, மருத்துவரிடம் நோயாளியின் வயதைச் சரியாகச் சொல்லுங்கள். முன்பு பக்கவாதம் வந்ததா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்கிறாரா என்பவற்றையும் மறவாமல் சொல்லுங்கள்.

பகுதியளவு அடைப்பு வகையில், மிக முதிர்ந்தோர்க்கு ஆஞ்சியோகிராம் செய்வதா, மருந்துகளோடு தொடர்வதா என்னும் வினா எழும். பிரித்தானியாவில் 75 வயதைக் கடந்த 1,518 பேரிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ‘சீனியர் ரீட்டா’ ஆய்வு இதை ஆராய்ந்தது. இதய நோயால் இறப்பது, உயிர்தப்பிய மறு மாரடைப்பு ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது இருமுறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மறு மாரடைப்பை மட்டும் தனியே பார்த்தபோது, ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்களிடம் அது குறைவாக இருந்தது. அம்முறையால் நேர்ந்த சிக்கல்கள் நூற்றில் ஒருவர்க்கும் குறைவு.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. வயதை மட்டும் காட்டி ஒருவர்க்குச் சிகிச்சையை மறுத்தல் முறையன்று. அதேபோல, மருந்துகளோடு தொடர்வதாக மருத்துவர் முடிவு செய்தால், அது கைவிடுதலும் ஆகாது. சிறுநீரகத்தின் நிலை, இரத்தக் கசிவு இடர், உடல் வலிமை, நினைவாற்றல் ஆகியவற்றோடு நோயாளியின் விருப்பமும் சேர்ந்தே அம்முடிவைத் தருகிறது. அந்த விருப்பத்தை நோயாளியிடமே கேளுங்கள். பிள்ளைகள் வராந்தாவில் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு, கட்டிலில் விழித்திருக்கும் தாயிடம் எதையும் சொல்லாமல் விடுவது அன்பின் பெயரால் செய்யும் பிழை.

தமிழ்நாடு கற்றுத்தந்த பாடம்

மாரடைப்புச் சிகிச்சையில் சென்னையின் புறநகர்களுக்கு நீண்ட தொடர்பு உண்டு. இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சையை டாக்டர் கே. எம். செரியன் 1975-இல் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் செய்தார். ஆக, அரை நூற்றாண்டாகவே நமக்கு அருகில் சிகிச்சை இருக்கிறது. நோயாளி அதை எப்போது வந்தடைகிறார் என்பதே வினா.

இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளைப் பதிவு செய்து 2008-இல் வெளியான ‘கிரியேட்’ ஆய்வில், நோயாளிகள் அறிகுறி தோன்றியதிலிருந்து மருத்துவமனைக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடங்கள். வந்தபின் ஊசி செலுத்தப்பட ஆனதோ 50 நிமிடங்கள். அதாவது, நேரத்தின் பெரும்பகுதி மருத்துவமனையின் வாசலுக்கு வெளியிலேயே கழிந்துவிட்டது.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சியாகக் கோயம்புத்தூரின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், முகப்பேர் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் தமிழ்நாட்டில் ஒரு திட்டத்தைச் செயற்படுத்தினர். சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்சுகளையும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைப்பதே அத்திட்டம். 2,420 நோயாளிகளைக் கொண்ட அதன் முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஓராண்டுக்குள் இறந்தோர் திட்டத்திற்கு முன் நூற்றுக்கு 17.6, திட்டத்திற்குப் பின் 14.2. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த மருத்துவமனைகளை ஒன்றோடொன்று பிணைத்ததாலேயே இது கிட்டிற்று. 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் வழங்கப்பட்டு, நோயாளி மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்.

அறிகுறி தோன்றினால் செய்ய வேண்டுவன

1. 108-ஐ அழையுங்கள். நெஞ்சுவலியுடன் தாமே இருசக்கர வண்டியை ஓட்டிச் செல்லக் கூடாது. பின்னிருக்கையில் அமர்ந்து செல்வதும் நன்றன்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் நெரிசலில் வழியில் மயங்கினால் உதவி கிட்டாது.
2. நோயாளியை நடக்க விடாமல், சாய்ந்த நிலையில் அமரச் செய்யுங்கள்.
3. 108 அலுவலரோ மருத்துவரோ சொன்னால் ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் செய்யுங்கள். ஒவ்வாமை, வயிற்றுப் புண்ணிலிருந்து கசிவு, பக்கவாதத்தின் அறிகுறி ஆகியவை இருந்தால் முதலில் அவரிடம் தெரிவியுங்கள்.
4. நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையை, அது பரிந்துரைக்கப்படாதவர்க்கு அண்டை வீட்டாரிடம் வாங்கித் தராதீர்கள். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும்.
5. சோடா, சுக்குக் கஷாயம், அமில நீக்கி ஆகியவற்றைக் கொடுத்துவிட்டுக் ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்று காத்திருக்காதீர்கள்.
6. நோயாளி நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால், மார்பின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்திற்கு, உதவி வரும்வரை அழுத்துங்கள்.
7. உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், பழைய இ.சி.ஜி., முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு, வீட்டில் எல்லோர்க்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

வீடு திரும்பிய பின்

இளையவர் நலமடைந்துவிட்டதாக விரைவில் எண்ணிவிடுவார். மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்துவதும், நண்பர்களோடு மீண்டும் புகைபிடிப்பதும் இங்கிருந்தே தொடங்குகின்றன. ஸ்டென்ட் வைத்தபின் இரத்தம் உறையாமல் தடுக்கும் இரு மாத்திரைகளையும் பொதுவாக ஓராண்டு வரை உட்கொள்ள வேண்டியிருக்கும்; மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால் ஸ்டென்டிலேயே கட்டி உருவாகலாம். அவருடைய உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். எப்போது பணிக்குத் திரும்பலாம், இரவுப் பணி ஏற்கலாமா என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

முதியவரிடம் கவலை வேறு. பல நோய்களுக்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு மாத்திரைகள் சேர்ந்துவிடும். காலை, மதியம், இரவு எனப் பிரித்த மாத்திரைப் பெட்டி உதவும். எழுந்து நிற்கையில் தலைசுற்றல், கருநிற மலம், ஈறுகளில் கசிவு, கால் வீக்கம், ஓரிரு நாள்களில் திடீரெனக் கூடும் எடை ஆகியவற்றைக் கண்டால் அடுத்த மருத்துவ நாள் வரை காத்திராமல் தெரிவியுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பைக் குறையுங்கள். அச்சத்தால் அவரைக் கட்டிலிலேயே கிடத்திவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன அளவுக்கு நாள்தோறும் நடப்பது அவர்க்கு மருந்தே.

இருவரிடமும் பொதுவாகக் காணப்படும் ஒன்று மனச்சோர்வு. இளையவர் வருமானத்தை எண்ணியும், முதியவர் பிள்ளைகளுக்குச் சுமையானோமோ என்று எண்ணியும் பேசாமல் இருப்பர். அடுத்த முறை வருகையில் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி, உங்கள் வீட்டில் எவரேனும் நெஞ்சு எரிகிறது என்றாலோ, வலியில்லை ஆனால் முடியவில்லை என்றாலோ, அவருடைய வயதைக் கொண்டு காரணம் தேடாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து, அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் உங்களிடம் முதலில் கேட்கப்படும் வினாக்களுள் அதுவும் ஒன்று: ‘எத்தனை மணிக்குத் தொடங்கிற்று?’